முன்வரிசை சிரிக்க வேண்டிய இடம்

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் இருக்கும் வாணி விலாச சமாஜத்தைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதன் செயற்குழுவில் யாரும் புத்தகம் படிப்பதில்லை. சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள், கொள்கை. படித்தால் ஒன்று பிடிக்கும், இன்னொன்று பிடிக்காமல் போகும், பிறகு விருது கொடுப்பதில் பாரபட்சம் வந்துவிடும் என்று தலைவர் கோமதிநாயகம் ஓர் ஆண்டு விழாவில் விளக்கி, பலத்த கைதட்டலும் வாங்கியிருக்கிறார். சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசி வியாபாரம் அவருக்கு. அரிசியைத் தின்று பார்த்தா விலை சொல்கிறோம், கையில் எடுத்தாலே தெரியாதா என்று அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்டார்.

ஆனால் சமாஜத்தை ஆரம்பித்த பெரியவர்கள், அந்தக் காலத்து விவரம் போதாத மனுஷர்கள், விதிமுறையில் ஒரு வரி எழுதி வைத்துத் தொலைத்துவிட்டார்கள். ஓர் எழுத்தாளருக்கு விருது கொடுப்பதாக இருந்தால் அவருடைய நூல்களை உறுப்பினர் ஒருவராவது முழுக்கப் படித்து, மேடையில் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். அதனால் விருது நெருங்கும்போதெல்லாம் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கிற தொல்லை செயற்குழுவுக்கு இருந்தது. இந்த முறை பிடிபட்டவர் ஸ்ரீகண்டன்.

ஸ்ரீகண்டன் அரசு அலுவலகம் ஒன்றில் சூப்ரண்ட். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். சமாஜ நூலகத்தின் பூட்டைத் துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்கிற ஒரே வாசகர். அவரைச் செயலாளர் வெங்கடேஸ்வரன் ஆபீஸ் அறைக்கு அழைத்து, பளபளவென்று மூன்று புத்தகங்களை மேஜைமேல் வைத்தார். மூன்றின் அட்டையிலும் ஒரே முகம், முப்பத்திரண்டு பல்லோடு.

"குபீர் சிகாமணியாக்கும்," என்றார் செயலாளர். "சினிமாவிலே பார்த்திருப்பேளே. நகைச்சுவைச் சக்கரவர்த்தி. பத்மநாபனைத் தொழ வரார். அன்னிக்கு சாயங்காலம் அவருக்கு ஒரு வேலையும் இல்லைன்னு மேனேஜர் பறஞ்சார். அப்போ நாம ஒரு இலக்கிய விருது குடுத்துடலாம்னு கமிட்டி தீர்மானிச்சாச்சு."

"இவர் எழுதுவாரா?" என்று கேட்டார் ஸ்ரீகண்டன்.

"எழுதினதுதானே ஓய் முன்னால இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். "வே ஸ்ரீகண்டன், நான் ஒளிச்சுப் பேசுத ஆள் இல்ல. எனக்கு வேண்டியது ஒரு போட்டோ. அவரு, நானு, நடுவுல ஒரு கேடயம். கடையில மாட்டினா வார சனம் நின்னு பாக்கும். ஆனா சும்மா போய் நின்னா நல்லாவா இருக்கும்? அதுக்குத்தான் இலக்கியம். நீரு படிச்சு நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டீருன்னா எல்லாம் முறைப்படி ஆயிரும், கேட்டீரா?"

ஸ்ரீகண்டன் தலையைச் சொறிந்தார். பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டார். செயலாளர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

"உங்க பொண்ணு ஜானவி கல்யாணத்துக்குத் தை மாசம் நம்ம ஹால்தானே? அது இப்போ ப்ரொவிஷனலாத்தான் கிடக்கு, கேட்டேளா. கன்ஃபர்ம் பண்ற கடுதாசிலே நான் ஒப்பு வெக்கணும். விருது கழிஞ்சவுடனே வெக்கறேன்."

இந்த இடத்தில் ஹாலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது. சமாஜத்தில் இலக்கியத்துக்குக் கூட்டம் வராது, ஹாலுக்கு வரும். கோவிலுக்கு நடந்து போகிற தூரத்தில், நல்ல சமையல்கட்டோடு, உறுப்பினருக்குச் சல்லிசாகக் கிடைக்கிற மண்டபம் அது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்ட மூளை வெங்கடேஸ்வரனுடையது. ஹாலுக்குச் சொல்லி வைத்தவர்கள், விசேஷம் முடிகிற வரை சமாஜத்தின் எல்லா நிகழ்ச்சிக்கும் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் ஊருக்கே தெரியும். சீமந்தக்காரர்கள், அறுபதாம் கல்யாணக்காரர்கள், பூணூல்காரர்கள் என்று முன்வரிசை எப்போதும் நிரம்பியிருக்கும். ஒரு கவியரங்கத்துக்கு வராமல் இருந்த ஒருவருடைய தேதி, ஏதோ பராமரிப்பு வேலை என்ற பெயரில் காணாமல் போயிற்று. அவர் மகன் கல்யாணம் ஊருக்கு வெளியே, கழக்கூட்டம் என்ற இடத்தில், நெடுஞ்சாலைச் சத்தத்துக்கு நடுவில் நடந்தது. அன்றிலிருந்து கவியரங்கத்துக்கு நிற்க இடமில்லை.

ஜானவிக்குப் பத்து வயதிலிருந்து வலது கன்னத்திலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி. பெண் பார்க்க வந்து, அதைப் பார்த்துவிட்டு, சொஜ்ஜியும் பஜ்ஜியும் மட்டும் மிச்சம் வைக்காமல் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தட்டுகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தவள் அவள் அம்மா விஜயலக்ஷ்மி. கடைசியில் ஜானவியே ஆபீசில் கைலாஷ் என்ற பையனைப் பார்த்துப் பேசி முடித்தாள். தஞ்சாவூர்க்காரர்களான சம்பந்திகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பத்மநாபனைச் சேவித்துவிட்டு நடந்து வருகிற தூரத்தில் மண்டபம். அந்த முகூர்த்தத்துக்குக் கோவிலைச் சுற்றி வேறு எந்த மண்டபமும் காலி இல்லை. விஜயலக்ஷ்மி அந்த ஹாலின் நான்கு தூணுக்கும் என்ன கலர் பூ என்பது வரை முடிவு செய்துவிட்டிருந்தாள்.

ஸ்ரீகண்டன் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தார்.

முதல் புத்தகம் 'அழுதா அபராதம்'. ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் போட்டோ. எழுத்துப் பக்கத்திலும் பாதி வெள்ளை. மேக்கப் போடுகிறவர் திக்கித் திக்கிப் பேசுவதை நான்கு பக்கத்துக்குத் திக்கித் திக்கியே எழுதியிருந்தது. அடுத்து மனைவியின் எடை, டிரைவரின் நிறம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் நாற்றம், அடுத்த வீட்டு விதவை. ஆளுக்கு ஓர் அத்தியாயம். சினிமாவில் பார்த்தபோது இந்த ஆளைக் கண்டு தானும் சிரித்திருப்பது ஸ்ரீகண்டனுக்கு நினைவு வந்தது. எல்லாவற்றையும்விடக் கண்றாவி, ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும் கட்டம் கட்டி, 'சிந்திக்க ஒரு துளி' என்று ஒரு உபதேசம். திக்குவாய்க்காரர் அத்தியாயத்தின் கீழே, 'யாரையும் பேச்சை வைத்து எடை போடாதே.' ஒருவன் முகத்தில் துப்பிவிட்டு, உடனே சுத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் எப்படி இருக்கும்!

இரண்டாவது புத்தகத்தில் 'பொண்ணு பார்த்த புராணம்' வந்தது. அதைப் படித்ததும் அவர் எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். விஜயலக்ஷ்மி என்னமோ ஏதோ என்று அந்தப் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி, அதன்மேல் செய்தித்தாளைப் போட்டாள்.

"ஏன்னா, இவனை எல்லாம் எந்தக் கட்டேல போறவன் எழுதச் சொன்னான்?"

"நான் மேடையிலே சொல்லிடப்போறேன் விஜயம். படிச்சேன், அருவருப்பா இருந்ததுன்னு."

அவள் செய்தித்தாளை இழுத்து அட்டை வெளியே தெரியாமல் மூடினாள். பிறகு, "வேண்டாம்னா," என்றாள். "ஹால் போயிடும். இந்த ஒரு தடவை பல்லைக் கடிச்சுண்டு நாலு வார்த்தை சொல்லிடுங்கோ. நம்ம குழந்தைக்காக ஆக்கும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவரால் முடியவில்லை. மனசில் பட்டதையே எழுதிக்கொண்டு போனார். சமாஜத்தில் அதற்கும் ஏற்பாடு இருந்தது. உரைத் திருத்தக் குழு என்று ஒன்று கூடி, காபி குடித்து, வரிவரியாகப் பார்த்தது. 'படிக்கப் படிக்க எனக்கு அருவருப்பு ஏற்பட்டது' என்று அவர் எழுதியிருந்தார். அருவருப்பு என்பது எதிர்மறைச் சொல், உடம்பில் தெரிகிற மெய்ப்பாடு அதுவே இருக்கட்டும், சொல்லை மட்டும் மாற்றலாம் என்று சிலிர்ப்பு ஆக்கினார்கள். 'பாதியில் மூடி வைத்தேன்' என்பது 'பாதியில் மூடி வைத்து வியந்தேன்' ஆயிற்று. 'படித்து முடித்துக் கை கழுவினேன்' என்பதில் நெடுநேரம் விவாதம் நடந்து, கடைசியில் 'படித்து முடித்துக் கை தொழுதேன்' என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"உங்க கருத்திலே நாங்க கை வெக்கலே," என்றார் வெங்கடேஸ்வரன். "கருத்து சுதந்திரத்துக்கு சமாஜம் எப்பவும் எதிரில்லை. வார்த்தையை மட்டும்தான் மாத்தினோம்."

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு கவலை முளைத்தது. நகைச்சுவைச் சக்கரவர்த்தி வந்து உட்கார்ந்திருக்கும்போது யாரும் சிரிக்காவிட்டால்? அதற்காக ஓர் ஒத்திகை. செயலாளர் மேடை ஓரத்தில் நின்று பச்சைக் கைக்குட்டையைத் தூக்கினால் சிரிப்பு, வெள்ளையைத் தூக்கினால் கைதட்டல். பல் செட் வைத்தவர்கள் இரண்டாம் வரிசைக்கு மாற்றப்பட்டார்கள். ஹால்காரர்கள் முன்வரிசையில் உயிரைக் கொடுத்துச் சிரித்தார்கள். விஜயலக்ஷ்மிக்கு மட்டும் முதலில் சத்தம் வரவில்லை.

"மாமி, வாய் திறந்தா போறாது. குரல் வரணும்," என்றார் செயலாளர். மூன்றாம் தடவை அவளுக்கும் வந்தது.

விழா நாளன்று ஆறு மணி நிகழ்ச்சிக்குச் சிகாமணி எட்டு மணிக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி, பின்னால் ஒரு மேனேஜர், செண்டு வாசனை. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. போர்த்தியவை மேடைக்குப் பின்னால் போய், மடிப்புக் கலையாமல் திரும்பவும் வந்தன. கோமதிநாயகம் வரவேற்றார்.

"அய்யா அவர்களின் நூல்களை நான் படிக்கல. இதைப் பெருமையாச் சொல்லுதேன். ஏன்னா, படிக்காமலேயே இந்த அளவு மதிக்க முடியுதுன்னா, அந்த எழுத்து எப்பேர்ப்பட்ட எழுத்தா இருக்கணும்! படிச்சவன் மதிக்கது பெருசு இல்ல. அவனுக்குக் காரணம் இருக்கு. எந்தக் காரணமும் இல்லாம மதிக்கான் பாருங்க, அவன்தான் உண்மையான ரசிகன்."

வெள்ளைக் கைக்குட்டை உயர்ந்தது. ஹால் அதிர்ந்தது. போட்டோகிராபர் அதற்குள் தலைவரையும் சிகாமணியையும் கேடயத்தையும் எடுத்து முடித்துவிட்டார். அத்தோடு விழாவின் உண்மையான காரியம் முடிந்தது. தலைவர் ஒரு கொட்டாவி விட்டு உட்கார்ந்தார்.

பிறகு ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டு, அவர் தோளிலும் ஒரு பொன்னாடையைப் போட்டார்கள். சட்டைப் பையில் திருத்தின உரை, கையில் சபைக்குக் காட்டுவதற்கென்று அந்த இரண்டாவது புத்தகம். மைக் முன்னால் போய் நின்று முன்வரிசையைப் பார்த்தார். விஜயலக்ஷ்மி பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆபீசிலிருந்து நேராக வந்த ஜானவி, கழுத்தில் இன்னும் ஐடி கார்டோடு. சிலிர்ப்பு என்றும் வியந்தேன் என்றும் அந்த முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. சட்டென்று ஒரு யோசனை வந்தது. நாம் எதுவும் திட்ட வேண்டாம். இந்த ஆள் எழுதியதையே வாசித்துவிடுவோம். கேட்டால் சபைக்கே தெரிந்துவிடும். காதுள்ள எவனுக்கும் முகம் சுண்டிப் போகும். ஹாலுக்கும் பங்கமில்லை, மனசாட்சிக்கும் பங்கமில்லை.

"என் அனுபவம் பெரிசில்லை," என்றார். "அய்யாவோட நூலிலேருந்தே ஒரு பக்கம் வாசிக்கிறேன்."

மேடை ஓரத்தில் வெங்கடேஸ்வரனின் முகம் மலர்ந்தது. ஸ்ரீகண்டன் நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் விழும்படி வாசித்தார்.

"பொண்ணு காபித் தட்டோட வந்துச்சு. பாதி மூஞ்சி காபி, பாதி மூஞ்சி பால். எங்கம்மா காதுல கேட்டேன், கலக்க மறந்துட்டாங்களான்னு."

நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பச்சைக் கைக்குட்டை உயர்ந்தது.

முன்வரிசை வெடித்தது. சீமந்தக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அறுபதாம் கல்யாணத் தம்பதி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஸ்ரீகண்டனுக்குக் காது அடைத்தது. அடுத்த வரியை இன்னும் மெதுவாக வாசித்தார். அதாவது உறைக்காதா?

"பஜ்ஜி பிரமாதம். நாலு தின்னேன். வெளியே வந்து தரகர்கிட்ட சொன்னேன், பஜ்ஜி ஓகே, பொண்ணுக்கு மட்டும் இன்னொரு கோட்டு பெயிண்ட் அடிச்சிட்டுக் கூப்பிடுங்கன்னு."

பச்சை மறுபடியும் உயர்ந்தது. இந்த முறை ஒத்திகையைவிட நன்றாகவே வந்தது. ஸ்ரீகண்டன் தன் மனைவியைப் பார்த்தார். விஜயலக்ஷ்மி சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, குரலும் வந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஜானவி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது அவருக்கு. அந்த ஆள்மேல் இருந்த அருவருப்பு இப்போது தன்மேலேயே வந்து அப்பிக்கொண்டது. அவன் அச்சில்தான் போட்டான். அதை எடுத்து வந்து பெற்ற பெண்ணின் முகத்துக்கு நேரே மைக்கில் வாசித்தது யார்? மீதிப் பக்கத்தை வாசிக்காமல் மேடை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெள்ளைக் கைக்குட்டை உயர, கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று.

சிகாமணி மைக்கைப் பிடித்தார்.

"வணக்கம் வணக்கம்! இந்த அண்ணன் ஒரு காமெடி பண்ணாரே, செம! யாரு எழுதினது இது? நம்பர் குடுங்க, அடுத்த படத்துக்கு யூஸ் பண்ணிக்கலாம்."

கோமதிநாயகம் பதறி எழுந்து, "அய்யா, அது உங்க புஸ்தகம்லா!" என்றார்.

"ஓ, நம்மளுதா?" சிகாமணி ஒரு கணம் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையாட்டினார். "அதான் பார்த்தேன், நல்லா இருக்கேன்னு!"

பச்சை. சிரிப்பு. அந்தச் சிரிப்பில் தெம்பாகி அவர் மேடை விளிம்புக்கு வந்து முன்வரிசையில் கண்ணை ஓட்டினார். ஜானவியிடம் கண் நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அட! என்னய்யா இது, கதையில வர்ற பொண்ணையே நேர்ல கூட்டியாந்து உட்கார வச்சிருக்கீங்க? பாப்பா, பஜ்ஜி எங்கம்மா?"

வெங்கடேஸ்வரனின் கை பழக்கத்தில் தானாகவே உயர்ந்தது. பச்சைதான். முன்வரிசையும் பழக்கத்தில் சிரித்தது. பாதிச் சிரிப்பில்தான் சிலருக்கு யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும், கை இன்னும் மேலேயே இருந்ததால், நிறுத்த அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஜானவி எழுந்தாள். மைக் இல்லை, ஆனால் தினமும் ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற குரல்.

"சார், ஒண்ணு கேக்கணும். நாலு பஜ்ஜி தின்னுட்டு வந்தேளே, அந்தப் பொண்ணு பேர் என்ன?"

"பேரா?" சிகாமணி மறுபடி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைபேசியைப் பார்த்தார். "அட அதெல்லாம் சும்மா கற்பனைம்மா. நம்ம ரைட்டர் தம்பி ஒருத்தன் எழுதினது. நானே இன்னும் முழுசாப் படிக்கல."

"அப்போ இங்கே படிச்சது எங்க அப்பா மட்டும்தான்," என்றாள் ஜானவி. "விருதை அவருக்குக் குடுக்கச் சொல்லுங்கோ. அத்தனையும் சகிச்சிண்டதுக்கு."

வெங்கடேஸ்வரன் ஒரு கையில் பச்சையும் ஒரு கையில் வெள்ளையுமாக எதைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றார். அந்தச் சமயத்தில் விஜயலக்ஷ்மி எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"செகரட்டரி சார், எங்களுக்கு இந்த ஹால் வேண்டாம்," என்றாள். "என் பொண்ணைப் பார்த்து நானே சிரிச்சேன். இதுக்கு மேல ஒரு அசிங்கம் எனக்கு வரதுக்கில்லே. இந்த இடத்திலே அவ கழுத்திலே தாலி ஏற வேண்டாம். நீங்க இறங்கி வாங்கோன்னா."

ஸ்ரீகண்டன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்துத் தலைவரின் மடியில் வைத்தார். கோமதிநாயகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "வே, போறதுன்னா பின்வாசல் வழியாப் போவும். முன்னால வீடியோ ஓடுது," என்றார். ஸ்ரீகண்டன் நடு வழியாகவே இறங்கி வந்தார்.

மூவரும் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னாலேயே ஒருத்தி ஓடி வந்தாள். முன்வரிசை மாமி. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தேதி கிடைக்காமல் மூன்று மாதமாக எல்லா நிகழ்ச்சிக்கும் வந்து உட்காருகிறவள். விஜயலக்ஷ்மியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே கலங்கியிருந்தது.

"விஜயம், நெஞ்சு பதறிப் போச்சுடி. மனுஷனா அவன்? குழந்தை முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல வந்தது? எனக்கு அப்படியே எழுந்து போயிடலாம்னு இருந்தது."

"சரி மாமி," என்றாள் விஜயலக்ஷ்மி.

"ஜானவி, நீ சங்கடப்படாதே குட்டி. பகவான் பார்த்துண்டிருக்கார்." மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையை மட்டும் விடவில்லை. "அப்போ... அந்தத் தை முகூர்த்தம் நீங்க நிஜமாவே விட்டுட்டேளா? கோபத்திலே சொன்னதில்லையே? இல்லே, உள்ளே அறுபதாம் கல்யாணக்காரா இப்பவே செகரட்டரிகிட்டப் போயிண்டிருக்கா, அதான் கேட்டேன்."

விஜயலக்ஷ்மி மெதுவாகத் தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோங்கோ மாமி. உள்ளே போயி முன்னால உட்கார்ந்து நன்னாச் சிரியுங்கோ. குடுத்துடுவா."

மாமி இரண்டு எட்டு தயங்கித் தயங்கி வைத்தாள். பிறகு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். இவர்கள் தெருமுனைக்குப் போவதற்குள் ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் அந்த மாமியின் குரல் தனியாகத் தெரிந்தது.